எங்க மலைப் புள்ளைங்களோட வாய்தா தவறிப் போகுது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துட்டா உங்க பேப்பர்ல நாலஞ்சு நாளைக்கு இன்ஜினியரிங் கட் ஆஃப், நீட், நர்சிங், எந்தக் காலேஜ்ல எத்தனை சீட்டுன்னு பக்கம் பக்கமா வரும், நானும் கூடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடைல உக்காந்து ஒரு வரி விடாம பாப்பேன், நான் தேடறது ஒண்ணே ஒண்ணுதான், லா காலேஜுக்கு அப்ளிகேஷன் என்னைக்கு ஆரம்பிக்குது என்னைக்கு முடியுதுன்னு. பல வருஷம் அது கண்ணுலயே படறதில்ல, பட்டாலும் கடைசி தேதிக்கு ரெண்டு நாள் இருக்கறப்போ ஒரு மூலைல இருக்கும். அதைப் பத்திதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்து படிங்க.

நான் வக்கீல் இல்ல, வக்கீல் குமாஸ்தா. 26 வருஷமா கூடலூர் கோர்ட்டுல. கேஸ் கட்டு எடுத்து வைக்கறது, வக்காலத்து ஃபைல் பண்றது, ரிட்டர்ன் ஆன மனுவை சரி பண்ணி திரும்பப் போடறது, காபி அப்ளிகேஷன் போடறது, எல்லாத்துக்கும் மேல வாய்தா தேதியை டைரில குறிச்சு வச்சு கட்சிக்காரருக்கு போன் பண்ணி ஞாபகப்படுத்தறது. எங்கப்பா அம்மா சிலோன்ல இருந்து வந்தவங்க, 1964ல சாஸ்திரியும் சிறிமாவோ அம்மாவும் போட்ட ஒப்பந்தத்துல அனுப்பி வச்ச லட்சக்கணக்கான பேர்ல ஒரு குடும்பம், நான் லைன் வீட்டுலதான் (எஸ்டேட் தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டின வீடு) பொறந்தேன். ப்ளஸ் டூ முடிச்சப்போ எனக்கும் லா படிக்கணும்னு ஆசை இருந்துச்சு, ஆனா அது எந்த ஊர்ல இருக்கு, யார்கிட்ட கேக்கணும், எவ்ளோ காசு ஆகும் எதுவும் தெரியாது, லைன்ல யாருக்கும் தெரியாது, ஸ்கூல்லயும் யாரும் சொல்லல. கோர்ட் வாசல்ல டைப் அடிச்சுக்கிட்டிருந்த அண்ணன் ஒருத்தர் ஒரு வக்கீல் ஐயாகிட்ட என்னைய சேத்து விட்டாரு. அப்போ வந்தவன் இன்னும் இங்கயே இருக்கேன்.

பத்து வருஷம் முன்னாடி கோயம்புத்தூர் லா காலேஜ் முடிச்சுட்டு ஒரு ஜூனியர் எங்க ஆபீஸுக்கு வந்தாரு. முதல் நாளே என்கிட்ட, அண்ணே கூடலூர்னா சும்மா இல்ல, எங்க அரசியலமைப்பு பாடத்துல பெரிய கேஸ் உங்க ஊர் கேஸ்தான்னாரு. எனக்கு புரியல. அப்புறம் விளக்கமா சொன்னாரு. இங்க ஜன்ம நிலம்னு ஒண்ணு, அதாவது ஜமீன் மாதிரி பரம்பரையா ஒரு குடும்பத்துக்குச் சொந்தமா இருந்த நிலம், இருக்கறது எல்லாருக்கும் தெரியும், 1969ல போட்ட கூடலூர் ஜன்ம ஒழிப்புச் சட்டம், அதுல பிரிவு 17 நிலம்னு ஆயிரக்கணக்கான ஏக்கர் யாருக்குன்னு இன்னிக்கும் முடிவாகாம கிடக்கற பிரச்சினை, பட்டா இல்ல, பல வீட்டுக்கு கரண்ட் இல்ல, இதெல்லாம் இங்க குழந்தைக்கும் தெரியும். ஆனா அந்தச் சட்டத்துமேல சுப்ரீம் கோர்ட் போட்ட ஒரு தீர்ப்பை 1974ல அரசியலமைப்பையே திருத்தி ஒன்பதாவது அட்டவணைல அந்தச் சட்டத்தைச் சேத்து தாண்டினாங்கன்னும், அப்படிச் சேத்தா கோர்ட் கேள்வி கேக்கவே முடியாதான்னு கிளம்பின கேஸ்ல 2007 ஜனவரில ஒன்பது நீதிபதிங்க உக்காந்து, அரசியலமைப்போட அடிப்படைக் கட்டமைப்பை உடைச்சா அட்டவணைல இருந்தாலும் கோர்ட் பாக்கும்னு தீர்ப்புச் சொன்னாங்கன்னும் எனக்கு அன்னிக்குதான் தெரியும். ஐ.ஆர்.கோயல்ஹோ கேஸ்னு பேரு. இந்தியா முழுக்க லா படிக்கற புள்ளைங்க படிக்கறாங்க.

இன்னொண்ணு கோதவர்மன் கேஸ். கேரளா நிலம்பூர் கோவிலகம்ங்கற அரச குடும்பத்துப் பெரியவர் கோதவர்மன் திருமுல்பாடு, நம்ம கூடலூர் பக்கத்துக் காட்டுல மரம் வெட்டறதைப் பாத்து மனசு பொறுக்காம 1995ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாரு. 1996 டிசம்பர் 12ந்தேதி வந்த உத்தரவுக்கு அப்புறம் காடுங்கற வார்த்தைக்கே நாடு முழுக்க அர்த்தம் மாறிப் போச்சு. இந்த ரெண்டு கேஸும் எங்க மண்ணுல பொறந்தது. ஆனா அந்த மண்ணுமேல லைன்லயும் காலனிலயும் இருக்கற புள்ளைங்கள்ல எத்தனை பேர் கறுப்புக் கோட்டு போட்டிருக்காங்கன்னு என் 26 வருஷத்துல எண்ணிப் பாத்தா ஒரு கை விரல் போதும். பணியர், காட்டுநாயக்கர்னு எங்க மலைப் பழங்குடி வீட்டுல இருந்து எங்க கோர்ட்டுக்கு வக்கீலா வந்து நின்ன ஒருத்தரை நான் இதுவரைக்கும் பாக்கல. கட்சிக்காரரா, சாட்சியா, குற்றவாளின்னு கூட்டிட்டு வரப்பட்டவரா நிறைய பாத்திருக்கேன். நீதிபதி கேக்கற கேள்வி புரியாம வக்கீல் முகத்தப் பாத்து தலையாட்டறதப் பாக்கறப்போ நெஞ்சு வலிக்கும் சார்.

இப்போ ஒரு பாப்பா கதை சொல்றேன், பேர் வேணாம். அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி அவங்கம்மா கூட எங்க ஆபீஸுக்கு வந்துச்சு. அப்பா தவறிட்டாரு, ஒரு எஸ்டேட்ல வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ். நாங்க மனு டைப் பண்ணி அந்தம்மாகிட்ட கையெழுத்து வாங்கப் போறப்போ இந்தப் பாப்பா, அப்போ பத்தாவது படிச்சுக்கிட்டிருந்துச்சு, அதை வாங்கி மெதுவா முழுசும் படிச்சுட்டு, அங்கிள் இதுல சர்வே நம்பர் நோட்டீஸ்ல இருக்கறதும் மனுல இருக்கறதும் வேற வேறயா இருக்கேன்னுச்சு. நான் பாத்தேன், டைப் பண்றப்போ ரெண்டு நம்பர் மாறிடுச்சு, வக்கீலும் பாக்கல. அப்படியே போட்டிருந்தா ரிட்டர்ன் ஆகியிருக்கும், இல்ல பின்னாடி எதிர்த்தரப்பு அதையே பிடிச்சிருக்கும். எங்க வக்கீல் ஐயா அன்னிக்கு அதைப் பாத்து, நீ லா படிக்கணும்மான்னு சொன்னாரு. சொன்னாரு அவ்ளோதான். நாங்க எல்லாரும் அடுத்த கேஸுக்குப் போயிட்டோம்.

அந்தப் பாப்பா அந்த ஒரு வார்த்தைய மனசுல வச்சுக்கிட்டு ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சிருக்கு. நல்ல மார்க். ரிசல்ட் வந்ததும் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் லா காலேஜுக்கு அப்ளை பண்ணனும்னு கேட்டிருக்கு, அவங்க ஏதோ ஆர்ட்ஸ் காலேஜ் அப்ளிகேஷனைப் போட்டுக் குடுத்துட்டு காசு வாங்கிட்டாங்க. இது தப்புன்னு தெரிஞ்சு மறுபடி போறப்போ வருமானச் சான்றிதழ் பழசு, புதுசு வேணும்னு ஆச்சு. இ-சேவைல போட்டு காத்திருக்கறப்போ ஜூலை மழை. எங்க ஊர் ஜூலை மழை வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது, தேவாலா பக்கம் பேஞ்சா நிக்காது, மூணு நாள் கரண்ட் இல்ல, டவர் இல்ல, ரோட்டுல மரம். எல்லாம் சரியாகி உள்ள போய்ப் பாத்தா தேதி முடிஞ்சு நாலு நாள் ஆச்சு. அது திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போயிடுச்சு. எனக்கு இது தெரிஞ்சது எட்டு மாசம் கழிச்சு, அவங்கம்மா கேஸ் வாய்தாவுக்கு வந்தப்போ, அண்ணே அவ அங்க மெஷின்ல நிக்கறா, மாசம் பணம் அனுப்பறான்னு சொன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. என் வேலையே தேதி ஞாபகம் வச்சிக்கறது. ஒரு கட்சிக்காரர் வாய்தாவுக்கு வராம எக்ஸ்பார்ட்டி ஆயிட்டா, அதாவது அவரு இல்லாமலே ஒருதரப்பா தீர்ப்பு ஆயிட்டா, எங்க மேல பழி வந்துடக் கூடாதுன்னு மூணு தடவை போன் பண்றவன் நான். எக்ஸ்பார்ட்டி ஆனாலும் முப்பது நாளுக்குள்ள அதை ரத்து பண்ணச் சொல்லி செட் அசைட் மனு போடலாம், நாள் தாண்டினாலும் காரணம் காட்டி மன்னிக்கக் கேக்கலாம், சட்டத்துல வழி இருக்கு. ப்ளஸ் டூ முடிச்ச புள்ளை தேதி தவற விட்டா ஒரு வருஷம் போச்சு, எங்க ஊர்ல ஒரு வருஷம் போனா பெரும்பாலும் மொத்தமும் போச்சு.

மறு வருஷம் நானே கூப்பிட்டு ஒக்கார வச்சு ஒவ்வொரு பேப்பரா சேத்தோம். அந்தப் பாப்பா ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் மூணு கவர்மென்ட் ஸ்கூல்ல மாறி மாறி படிச்சிருக்கு, ஒவ்வொரு ஸ்கூல்லயும் அங்க படிச்சதுக்கு போனஃபைடு சான்றிதழ் வாங்கினோம், ஏன்னா கவர்மென்ட் ஸ்கூல் புள்ளைங்களுக்கு 2021ல கொண்டு வந்த சட்டத்துல இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை மாதிரி சட்டப் படிப்புக்கும் 7.5 சதவீத இடம் தனியா இருக்கு, அதுல சேந்தா படிப்புச் செலவு, ஹாஸ்டல் செலவு அரசாங்கம் கட்டுது. இது எங்க லைன்ல இன்னும் பாதிப் பேருக்குத் தெரியாது, மெடிக்கலுக்கு மட்டும்னு நெனைக்கறாங்க. எய்டட் ஸ்கூல்ல படிச்சா இதுல கணக்கு வராதுங்கறதும் தெரியாது, ஆறாவது சேக்கறப்போவே யாராச்சும் சொல்லணும். அந்தப் பாப்பா இப்போ அரசு சட்டக் கல்லூரில மூணாவது வருஷம். மாசம் ஆயிரம் ரூபா புதுமைப் பெண் பணமும் வருது, அதை அம்மாவுக்கு அனுப்பிடுது, அனுப்பாதன்னு நான் திட்டினா கேக்கறதில்ல.

இதுல நான் படிச்சுக் குடுத்தது ஒண்ணுமில்ல சார். எனக்கு சட்டம் சொல்லித் தரத் தெரியாது. நான் பண்ணது தேதி பாத்ததும் பேப்பர் சேத்ததும் அவங்கம்மாகிட்ட நாலு தடவை பேசினதும்தான். அவங்கம்மா தப்பான ஆள் இல்ல, அவங்க கேட்டது ஒரே கேள்வி, அண்ணே நர்சிங் படிச்சா சீக்கிரம் சம்பளம் வரும், இது அஞ்சு வருஷம், முடிச்சதும் சம்பளம் உண்டான்னு. நியாயமான கேள்வி. நான் மழுப்பல. வக்கீல் தொழில்ல ஆரம்பத்துல காசு கஷ்டம்தான், ஜூனியரா இருக்கறவங்க பஸ் காசுக்கே கஷ்டப்படறத நான் பாத்திருக்கேன். ஆனா இப்போ கொஞ்சம் மாறியிருக்கு. 2024 ஜூன்ல சென்னை ஹைகோர்ட், ஜூனியர் வக்கீலுக்கு சென்னை, மதுரை, கோவைல மாசம் குறைஞ்சது 20 ஆயிரம், மத்த ஊர்ல 15 ஆயிரம் குடுக்கணும்னு சொல்லியிருக்கு. அதே வருஷம் ஜூலைல சுப்ரீம் கோர்ட், வக்கீலா பதிவு பண்ற என்ரோல்மென்ட்டுக்கு சட்டத்துல இருக்கற 750 ரூபாவுக்கு மேல, எஸ்சி எஸ்டின்னா 125 ரூபாவுக்கு மேல பார் கவுன்சில் வாங்கக் கூடாதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு. அந்த 15 ஆயிரத்தை எல்லா சீனியரும் குடுக்கறாங்களான்னா, மலைல அப்படி இன்னும் ஆகல, அதையும் அந்தம்மாகிட்ட சொன்னேன். கோர்ட் மட்டும் இல்ல, சிவில் ஜட்ஜ் பரீட்சை இருக்கு, அரசு வக்கீல் வேலை இருக்கு, பேங்க்ல கம்பெனில சட்ட அதிகாரி வேலை இருக்குன்னும் சொன்னேன். அப்புறம்தான் சரின்னாங்க.

ஜவ்வாது மலைப் பக்கத்து மலையாளி பழங்குடிப் பொண்ணு ஸ்ரீபதி 23 வயசுல சிவில் ஜட்ஜா தேர்வானது 2024ல எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு, குழந்தை பொறந்து சில நாள்ல பரீட்சை எழுதினவங்க. அந்த செய்தியை வெட்டி வச்சு நான் ஸ்கூல்ல காட்டறேன். ஒரு காட்டுநாயக்கப் பொண்ணு அந்தப் போட்டோவ ரொம்ப நேரம் பாத்துட்டு, இவங்களும் மலையா அங்கிள்னு கேட்டுச்சு. ஆமாம்மா மலைதான்னேன்.

இப்போ ஒவ்வொரு ரெண்டாவது சனிக்கிழமையும் நானும் எங்க ஜூனியர் வக்கீல் தம்பியும், ஒரு ரிட்டயர்ட் வாத்தியாரம்மாவும் ப்ளஸ் ஒன் ப்ளஸ் டூ புள்ளைங்க கூட ரெண்டு மணி நேரம் உக்காருவோம், இப்போதைக்கு பதினோரு பேர். புள்ளைங்களுக்கு முதல் பயம் இங்கிலீஷ். கீழ் கோர்ட்டுல தமிழ்தான் ஆட்சிமொழி, மனு தமிழ்ல போடலாம், தமிழ்ல வாதாடலாம், தீர்ப்பும் தமிழ்ல வருதுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க, அதனால கோர்ட்டுக்கே கூட்டிட்டுப் போய் திறந்த கோர்ட்டுல பின்னாடி பெஞ்சுல உக்கார வச்சோம். யார் வேணா போய் உக்காரலாங்கறதே அவங்களுக்குப் புதுசு. ஒரு பையன் வெளிய வந்து, போலீஸ்காரரே கைகட்டி பதில் சொல்றாரு அங்கிள்னான், அவன் கண்ணைப் பாக்கணும் நீங்க. ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட்டுக்கு இங்கிலீஷ் வேணும், அதை மறைக்கல, அஞ்சு வருஷம் இருக்கு கத்துக்கலாம்னு வாத்தியாரம்மா சொல்றாங்க, வாரம் ஒரு பக்கம் தீர்ப்பு படிக்க வைக்கறாங்க.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் பரீட்சை பத்தி தனியா சொல்லணும். திருச்சில இருக்கற தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலையும் இதுலதான் வரும். அந்தப் பரீட்சை இப்போல்லாம் டிசம்பர்ல நடக்குது, அதாவது ப்ளஸ் டூ படிச்சுக்கிட்டிருக்கறப்போவே, ஃபார்ம் அதுக்கும் முன்னாடி போடணும், ஃபீஸ் மட்டும் நாலாயிரம், எஸ்சி எஸ்டிக்கு மூவாயிரத்து ஐந்நூறு, பரீட்சை முழுக்க இங்கிலீஷ். லைன்ல மூவாயிரத்து ஐந்நூறுங்கறது சின்னக் காசு இல்ல. ரிசல்ட் வந்ததுக்கு அப்புறம் மே மாசத்துல யோசிக்க ஆரம்பிக்கற புள்ளைக்கு அந்தக் கதவு அஞ்சு மாசம் முன்னாடியே சாத்தியாச்சு. மாநில சட்டக் கல்லூரிக்கு அப்படி இல்ல, ப்ளஸ் டூ மார்க்லதான் எடுக்கறாங்க, எந்த குரூப்பும் போதும், பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்சி எஸ்டிக்கு 40 இருந்தா அப்ளை பண்ணலாம். ஆனா நீலகிரில அரசு சட்டக் கல்லூரி இல்ல, கிட்ட இருக்கறது கோயம்புத்தூர் மருதமலை ரோடு, கூடலூர்ல இருந்து ஊட்டி ஏறி மேட்டுப்பாளையம் இறங்கிப் போக அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதனால ஹாஸ்டல் கிடைக்கறது சீட்டு கிடைக்கற அளவுக்கு முக்கியம்.

என் கையை விட்டுப் போன ஒருத்தனையும் சொல்லிடறேன். பணியர் வீட்டுப் பையன், பேச்சுன்னா அப்படி ஒரு பேச்சு, காலனிக்கு தண்ணி வரலன்னு பதினாறு வயசுல ஆபீஸ் ஆபீஸா மனு குடுத்தவன். அவனுக்கு சாதிச் சான்றிதழ் இல்ல, அப்பாவுக்கும் இல்ல. எஸ்டி சான்றிதழ் தாசில்தார் குடுக்க முடியாது, கோட்டாட்சியர், அதாவது வருவாய்த் துறை ஆர்டிஓதான் குடுக்கணும், விசாரணை இருக்கும், நாளாகும். நாங்க ப்ளஸ் டூல ஆரம்பிச்சோம், அதுதான் தப்பு. கையெழுத்து வர்றதுக்குள்ள அவன் அண்ணன் கூட கர்நாடகாவுக்கு இஞ்சித் தோட்ட வேலைக்குப் போயிட்டான், போன் நம்பர் மாறிப் போச்சு. அதுக்கப்புறம் ப்ளஸ் ஒன் சேர்ற அன்னிக்கே நான் கேக்கற முதல் கேள்வி, சர்டிபிகேட் இருக்கான்னுதான், மார்க் அப்புறம்.

அதனால சொல்றேன். ஸ்கூல்ல வருஷத்துக்கு ஒரு நாள் ஹால்ல எல்லாப் புள்ளையையும் உக்கார வச்சு வழிகாட்டி நிகழ்ச்சி நடத்தறாங்க, சட்டப் பணிகள் குழுல இருந்து முகாம் போடறாங்க, பொண்ணுங்களுக்கும் குழந்தைங்களுக்கும் எஸ்சி எஸ்டிக்கும் இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு போன் பண்ணுங்கன்னு சொல்லித் தர்றாங்க, நல்ல காரியம், நடக்கட்டும். ஆனா அந்த ஹால்ல உக்காந்திருக்கற புள்ளைக்கு மறுநாள் ஒரு சந்தேகம் வந்தா யாருக்கு போன் பண்ணும்? ஒரு புள்ளைக்கு பேர் சொல்லி ஒரு ஆள் வேணும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் கோர்ட்டுல இருக்கற வக்கீல் ஐயாக்கள் அம்மாக்கள் ஒவ்வொருத்தரும் ப்ளஸ் ஒன் படிக்கற ஒரே ஒரு புள்ளையை எடுத்துக்கங்க, கேஸ் கட்டு மாதிரி ஒரு ஃபைல் போடுங்க, மேல அந்தப் புள்ளை பேர் எழுதுங்க, உள்ள சான்றிதழ் காபி எல்லாம் வைங்க, அடுத்த தேதி என்னன்னு உங்க டைரில எழுதுங்க, அப்ளிகேஷன் போடறது, கவுன்சிலிங், ஹாஸ்டல், முதல் செமஸ்டர்ல அரியர் விழுந்து அழுதுக்கிட்டு போன் பண்றது, லீவுல ஆபீஸுல உக்கார வச்சு கட்டு படிக்கக் குடுக்கறது, கடைசில என்ரோல்மென்ட்டுக்கு கோட்டு வாங்கிக் குடுக்கறது வரைக்கும் அந்த ஃபைலை குளோஸ் பண்ணாதீங்க. மாசத்துக்கு ரெண்டு மணி நேரம் வரும். குமாஸ்தாக்கள் கிட்ட குடுத்தா தேதி நாங்க பாத்துக்கறோம், அது எங்களுக்கு கைவந்த வேலை.

வக்கீல் சங்கத்துல இதைப் பேசினேன், ரெண்டு பேர் சரின்னு சொல்லியிருக்காங்க, ஒரு சீனியர் அம்மா, பொண்ணுங்க ரெண்டு பேரை நானே எடுத்துக்கறேன்னாங்க. சிலர் யோசிக்கறாங்க, தொழில்ல ஏற்கனவே கூட்டம் அதிகம், இவங்களும் வந்தா என்ன பண்ணுவாங்கன்னு ஒருத்தர் கேட்டாரு. டவுன்ல கூட்டம் இருக்கலாம், காட்டுநாயக்கர் பாஷை தெரிஞ்ச வக்கீல் எங்க கோர்ட்டுல ஒருத்தர்கூட இல்லையே ஐயான்னு கேட்டேன், அவரு ஒண்ணும் சொல்லல. வன உரிமைச் சட்டம் 2006ல வந்தது, அதுல கிராம சபைக்கு எவ்ளோ அதிகாரம் இருக்குன்னு அந்தக் கிராம சபைல உக்கார்ற ஆளுக்கே அவங்க பாஷைல சொல்ல வெளில இருந்து யார் வந்து காலம் பூரா இருப்பாங்க?

உங்ககிட்ட கேக்கறது சின்னதுதான். மாநில சட்டக் கல்லூரிக்கு சட்டப் பல்கலைக்கழகம் அப்ளிகேஷன் தேதி அறிவிச்ச அன்னிக்கே எங்க நீலகிரி பக்கத்துல நாலு வரி போடுங்க, ஆரம்பிக்கற நாள், முடியற நாள், என்னென்ன சான்றிதழ் வேணும், 7.5 சதவீதம் சட்டத்துக்கும் உண்டுன்னு. முடியறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இன்னொரு தடவை போடுங்க, மழைல டவர் போனாலும் பேப்பர் பஸ்ஸுல வந்துடும். ஆகஸ்ட்ல கிளாட் ஃபார்ம் பத்தி ஒரு தடவை. லைன்ல பேப்பர் வாங்கறவங்க கம்மிதான், நான் வெட்டி தேவாலா, பந்தலூர், சேரம்பாடி, ஓவேலி ஸ்கூல் போர்டுல எல்லாம் ஒட்ட ஏற்பாடு பண்ணிடறேன், டெப்போல தெரிஞ்ச கண்டக்டர் தம்பிங்ககிட்ட இப்பவே சொல்லி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா,
கூடலூர், நீலகிரி மாவட்டம்